உப்புத்தண்ணி அக்காவின் டார்ச் லைட்

ஆரணியில் தொண்டை வைத்திருக்கிற எவரும் பயப்பட வேண்டிய ஒரே ஆள் உப்புத்தண்ணி அக்காதான். மார்க்கெட்டில் கூவி விற்பவர், பள்ளிக்கூட வாத்தியார், பஸ் கண்டக்டர், ஓட்டுக் கேட்டு வருபவர் என்று எந்தப் பாகுபாடும் அவரிடம் கிடையாது. எதிரே நிற்பவர் லேசாகச் செருமினால் போதும், இடுப்பில் செருகியிருக்கும் டார்ச் லைட் கைக்கு வந்துவிடும். "ஆ காட்டு" என்பார். பெரிய பெரிய மீசைக்காரர்களெல்லாம் அந்த இரண்டு வார்த்தைக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அவர் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் வார்டன். சமையலும் அவர்தான், காவலும் அவர்தான். வீட்டில் வைத்த பெயர் என்று ஏதோ ஒன்று இருந்திருக்கும். ஆனால் பால்காரரிலிருந்து சிலிண்டர் போடுபவர் வரை எல்லோருக்கும் அவர் உப்புத்தண்ணி அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது, ஈர்க்குச்சி உடம்பு, தெருக்கோடி வரை போகும் குரல்.

நான் அப்போது ஒரு பட்டுப் புடவைக் கம்பெனியில் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சொந்த ஊர் தெள்ளார் பக்கம். தினமும் பஸ்ஸில் வந்து போன அசதியில் மயிலுக்கும் அன்னத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போய், புடவை முந்தியில் ரெண்டுங்கெட்டான் பறவை ஒன்றைப் போட்டுவிட்டேன். முதலாளி கூப்பிட்டுத் திட்டிய அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்கு வந்தேன். வாசலில் நின்ற அக்காவிடம் ஆதார் கார்டை நீட்டினேன்.

"அது கெடக்குது. மொதல்ல ஆ காட்டு."

காட்டினேன். டார்ச் வெளிச்சம் உள்ளே போனது. அக்காவின் முகம் மாறியது.

"அடியம்மா! ரெண்டு பக்கமும் கோலிகுண்டு கணக்கா தொங்குது. இத வெச்சிகினு எப்டிடி இத்தினி நாளா உசுரோட கீற?"

அதுவரை எனக்கு டான்சில் என்று ஒன்று இருப்பதே ஞாபகத்தில் இருந்ததில்லை. அன்றிலிருந்து எச்சில் விழுங்கும்போதெல்லாம் அந்தக் கோலிகுண்டுகள் ஞாபகம் வந்தன. பயம் என்பதை ஒருவர் எவ்வளவு சீக்கிரம் இன்னொருவர் தொண்டையில் வைத்துவிட முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அந்த விடுதியில் பொழுது விடிவதே கொப்புளிக்கும் சத்தத்தில்தான். அடுத்த தெருவில் தறிச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும் முன்பே, பின்கட்டில் ஒரு பெரிய அண்டாவில் வெந்நீர் தயாராக இருக்கும். அதில் அக்கா கல்லுப்பைக் கைப்பிடியாக அள்ளிப் போட்டுக் கலக்குவார். நாங்கள் ஆளுக்கொரு டம்ளருடன் வரிசையில் நிற்போம்.

"மேல பாரு. கொப்புளி. முழுங்காத! துப்பு. இன்னொரு வாட்டி. ஏய், நீ சும்மா வாயில வெச்சிகினு ஏமாத்தற. சத்தம் வரணும்."

சத்தம் வந்தது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர், தன் வீட்டு மோட்டாரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து பிளம்பரை வரவழைத்துவிட்டார். பிளம்பர் இந்த ஊர்க்காரர். கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "இது மோட்டார் இல்ல சார், ஹாஸ்டலு" என்று சொல்லிப் போய்விட்டாராம்.

சட்டதிட்டங்கள் பயங்கரமானவை. சாயங்காலத்துக்கு மேல் தயிர் கிடையாது. ஐஸ் என்ற சொல்லையே உச்சரிக்கக் கூடாது. விடுதியில் ஃப்ரிட்ஜ் இருந்தது, அதற்குக் கரண்ட் இல்லை. அதில் அக்கா புளியும் மிளகாயும் வைத்திருந்தார். சித்திரை வெயிலில் ஆரணி எப்படிக் காயும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அந்த வெயிலிலும் எங்களுக்குக் குடிக்க வெந்நீர்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் அசந்து தூங்கினால், அறை அறையாக வந்து, திறந்திருக்கும் வாய்களை எல்லாம் மோவாயைத் தூக்கி மூடிவிட்டுப் போவார். கேட்டால், "காத்து போவுது, தூசி போவுது, ஈ போவுது. தொண்டை இன்னா சத்திரமா?" என்பார்.

என் அறைத்தோழி ஸ்டெல்லா ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாள் முழுக்கக் கத்திவிட்டு வருபவள். ஒருநாள் ஆசைப்பட்டு ஒரு குல்பி ஐஸை வாங்கி, தெருவிலேயே தின்றுவிட்டு, குச்சியைக்கூடத் தூர எறிந்துவிட்டு, நல்ல பிள்ளையாக உள்ளே வந்தாள். அக்கா அவளை நிறுத்தி, டார்ச்சை அடித்து, வாய்க்குள் கையை நீட்டிச் சூடு பார்த்தார்.

"நாக்கு ஜில்லுனு கீது. ஏண்டி டீச்சரு, நீ பாடம் நடத்தற புள்ளைங்க பொய் சொன்னா இன்னா பண்ணுவ?"

ஸ்டெல்லா பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டாள். தண்டனையாக அவளுடைய உச்சி மயிரைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார் அக்கா. தண்டனை என்று நாங்கள் நினைத்தோம். அக்கா அதை வைத்தியம் என்றார். உச்சி மயிரை இழுத்தால் இறங்கிய உள்நாக்கு மேலே ஏறிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் வழிவழியாக வரும் நம்பிக்கை. ஸ்டெல்லாவின் உள்நாக்கு ஏறியதா தெரியாது, அவள் குதிகால் தரையிலிருந்து ஏறியதை நான் பார்த்தேன்.

கரண்ட் மீட்டர் கணக்கெடுக்க வந்தவர் ஒருமுறை இருமித் தொலைத்தார். அடுத்த முறையிலிருந்து அவர் தெருவில் நின்றபடியே கண்ணைச் சுருக்கி மீட்டரைப் படிக்கப் பழகிக்கொண்டார். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு சாயங்காலம் ஸ்டெல்லாவின் சர்ச்சிலிருந்து கேரல் பாட ஒரு கூட்டம் கிட்டாரோடு வந்தது. முதல் அடியிலேயே ஒருவர் குரல் கம்மியது. அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார். "பாட்டு எங்கியும் ஓடிப் போவாது. மொதல்ல எல்லாரும் கொப்புளிங்க." சான்டா கிளாஸ் வேஷம் போட்டவர் பஞ்சுத் தாடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டுக் கொப்புளித்ததை ஸ்டெல்லா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

இப்படி ஊரார் தொண்டையை எல்லாம் பார்த்த அக்கா, தன் தொண்டையை யாருக்கும் காட்டியதில்லை. சிரித்தால்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார். அது கூச்சம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த மழைக்காலத்தில் என் கோலிகுண்டுகள் வேலையைக் காட்டின. காலையில் எழுந்தால் எச்சில் விழுங்க முடியவில்லை. தொண்டையில் ஆரம்பித்த வலி காது வரைக்கும் போனது. உடம்பு அனலாய்க் கொதித்தது. அக்கா டார்ச் அடித்துப் பார்த்தார். வழக்கமான கூச்சல் எதுவும் இல்லை. டார்ச்சை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அக்கா, ரொம்ப மோசமா கீதா?"

"பேசாத. பேசினா வலிக்கும்."

அன்று முழுக்க அவர் என்னை விட்டு நகரவில்லை. இளஞ்சூட்டில் உப்புத்தண்ணி, கொஞ்ச நேரம் கழித்துக் குழைய வேகவைத்த கஞ்சி, அப்புறம் ரசத்தில் கரைத்த இட்லி. மஞ்சள் போட்ட பாலை ஆற்றி ஆற்றி, தன் கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துத்தான் கொடுப்பார். ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு முன்னால் அவர் விழுங்கிக் காட்டுவார். எனக்கு வலித்தபோதெல்லாம் அவர் முகம் சுளித்தது. உப்புத்தண்ணியில் வலி கொஞ்சம் அடங்கியது, ஆனால் ஜுரம் விடவில்லை. மறுநாள் காலையில் என்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஆனால் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார்.

"நீ போய் காட்டிட்டு வா. நான் இங்கியே நின்னுகினு இருக்கேன். பயப்படாத."

"நீங்களும் வாங்கக்கா."

"ஊஹூம். அந்த வாசனை எனக்கு ஆவாது."

டாக்டரம்மா பார்த்து, இது டான்சில் வீக்கம்தான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்து, நடுவில் நிறுத்தாமல் முழுசாகச் சாப்பிட வேண்டும் என்றார். நான் வெளியே வந்தபோது அக்கா கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போய் வந்தது நான், வேர்த்திருந்தது அவருக்கு. திரும்பும் வழியில் ஆட்டோவில் கதையைச் சொன்னார்.

சின்ன வயதில் அவருக்கும் டான்சில் தொல்லை. அறுத்து எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "தட்டு நெறைய கத்திரியும் கம்பியும் அடுக்கி வெச்சிகினு ஒரு நர்சம்மா வந்துச்சி. 'ஆ காட்டு பாப்பா'ன்னிச்சி. அவ்ளோதான். எட்டிக் குதிச்சேன் பாரு, ஒரே ஓட்டம். ஆஸ்பத்திரி கவுனோட தேவிகாபுரம் பஸ்ல ஏறி ஒக்காந்துகினேன். கண்டக்டர் டிக்கெட்டே கேக்கல. பைத்தியம்னு நெனச்சிகினு பயந்துட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? இனிமே தொண்டை வலின்னு சொன்னா திருப்பி இட்டுகினு போயிடுவாங்கன்னு, யாருக்கும் தெரியாம உப்புத்தண்ணில கொப்புளிச்சேன். அன்னிலேர்ந்து ஒரு நாள் உட்டதில்ல."

நான் சிரித்தேன், வலித்தது. அக்காவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். எங்கள் வாயை எல்லாம் திறக்க வைத்த அந்த இரண்டு வார்த்தையும் அவரை ஓட வைத்த அதே வார்த்தைதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் தேறி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் விடிந்தும் அண்டாச் சத்தம் கேட்கவில்லை. "கொப்புளி" என்ற குரல் கேட்கவில்லை. நாங்கள் ஒவ்வொருவராக டம்ளரோடு பின்கட்டுக்கு வந்து, காலி அண்டாவைப் பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திட்டு விழாத அந்தக் காலை சாவு வீட்டுக் காலை போல இருந்தது.

அக்கா சமையல்கட்டில் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. துண்டுக்குள் ஏதோ மினுமினுத்தது.

"இன்னாக்கா அது?" என்றாள் ஸ்டெல்லா.

அக்கா துண்டை விலக்கினார். ஏதோ ஒரு பழைய பட்டுப் புடவையின் ஜரிகைக் கரையைக் கிழித்துக் கழுத்தில் நாலு சுற்றுச் சுற்றியிருந்தார்.

"பொன்னுக்கு வீங்கி," என்றார். வாயில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டு பேசுவது போல இருந்தது குரல். "தங்கம் போட்டா எறங்கிடும். நான் சங்கிலிக்கு எங்க போறது? ஜரிகைலயும் தங்கம் கீதில்ல?"

பொன்னுக்கு வீங்கி வந்தவர் கழுத்தில் தங்கச் சங்கிலி போடும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. சங்கிலிக்குப் பதில் ஜரிகையைச் சுற்றும் யோசனை பட்டு நெய்யும் ஊரில் மட்டும்தான் வரும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வேலைக்கே ஜரிகைதான் சோறு போடுகிறது என்பதால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை.

"அக்கா, இது ஒரிஜினல் இல்லக்கா. டூப்ளிகேட் ஜரிகை. இதுல பொட்டுத் தங்கம் கெடையாது."

அக்காவின் கண் பளிச்சென்றது. "அதான் எறங்கலியா? நல்ல வேளை சொன்ன. ஜல்தியா போய் ஒன் ஆபீஸ்லேர்ந்து நல்ல ஜரிகையா ஒரு துண்டு எடுத்துகினு வா."

ஸ்டெல்லா அவர் எதிரில் குந்தினாள். "அக்கா, பொன்னுக்கு வீங்கின்னா காதுக்குக் கீழ கன்னம் வீங்கும். எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு வந்து பாத்திருக்கேன். ஒங்களுக்குக் கன்னம் வீங்கவே இல்ல. தொண்டைதான் வலிக்குது. ஆ காட்டுங்க, பாக்கறேன்."

அக்கா வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். பொன்னுக்கு வீங்கி என்றால் டாக்டர் வேண்டாம், சங்கிலி போதும். அதனால்தான் அவர் அந்த நோயைத் தேர்ந்தெடுத்திருந்தார் என்பது எங்களுக்குப் புரிந்தது.

நான் ஆபீஸிலிருந்து ஒரிஜினல் ஜரிகை வைத்த சாம்பிள் துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். அதைச் சுற்றிக்கொண்டு ஒரு நாள் கிடந்தார். கல்யாணப் பெண் மாதிரி கழுத்து ஜொலித்தது, முகம் கறுத்துப் போனது. மறுநாள் காலையில் வெந்நீர்கூட உள்ளே இறங்கவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் ஒரு டம்ளரில் துப்பிக்கொண்டே இருந்தார். கொப்புளிக்க முயன்றார். வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. அண்ணாந்து பார்க்க முடியாமல், உப்புத்தண்ணி வாயோரம் வழிந்து ஜரிகையில் சொட்டியது.

அதைப் பார்த்ததும் என் சிரிப்பெல்லாம் போய்விட்டது. தினமும் எங்களை விரட்டிய வாய் அது. ஒரு மடக்குத் தண்ணீரைத் தாங்க முடியாமல் வழியவிடுகிறது. மூச்சு விடும்போது ஒரு சத்தம் வேறு வந்தது.

ஸ்டெல்லா ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆட்டோச் சத்தம் கேட்டதுதான் தாமதம், அக்கா எழுந்து மளிகைச் சாமான் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

"அக்கா, கதவத் தெறங்க!"

ஸ்டெல்லா கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

"அக்கா, டாக்டரம்மா ரொம்ப நல்லவங்க. சும்மா பாப்பாங்க, அவ்ளோதான்."

உள்ளேயிருந்து கொழுக்கட்டைக் குரல் வந்தது. "அன்னிக்கும் இதான் சொன்னாங்க."

ஸ்டெல்லா கெஞ்சினாள், மிரட்டினாள், ஜெபம்கூடப் பண்ணினாள். பெண்கள் எல்லோரும் கதவைச் சுற்றி நின்றோம். உள்ளே மூச்சுச் சத்தம் கரகரவென்று கேட்டது. அந்தச் சத்தம் நின்றுவிட்டால் என்ன செய்வோம் என்று நினைத்தேன். நினைத்ததுமே அழுகை வந்துவிட்டது. நடிப்பு என்று பிற்பாடு ஸ்டெல்லா சொல்வாள். பாதிதான் நடிப்பு.

"அக்கா," என்றேன். "எனக்கு மறுபடியும் தொண்டை வலிக்குதுக்கா. முழுங்க முடியல. ரொம்ப பயமா கீது."

உள்ளே ஏதோ டப்பா உருண்டது. அப்புறம் தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்தது. அந்த இடுக்கு வழியாக முதலில் வெளியே வந்தது டார்ச் லைட்.

"ஆ காட்டு."

கண்ணீரோடு காட்டினேன். அவர் அடித்த வெளிச்சம் என் மூக்கில் பட்டது, கண்ணில் பட்டது, கடைசியில் தொண்டைக்குள் போனது. அழுத தொண்டை சிவக்காமல் இருக்குமா?

"செவந்துதான் கீது," என்றார் அக்கா. டம்ளரை எடுத்து எச்சிலைத் துப்பினார். செருப்பைத் தேடினார். "ஒண்டியா போவாத. நான் வரேன், வா."

ஆட்டோவில் அவர் என் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு வந்தார். காய்ச்சலில் அந்தக் கை தோசைக்கல் மாதிரி கொதித்தது. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்ததும் போன முறை போலவே நின்றுவிட்டார். நான் கேட்டுப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க வரலன்னா நானும் போவ மாட்டேன்."

"பேஜார் பண்ணாதடி."

"மாட்டேன்."

அக்கா கட்டடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோயிலுக்குப் போவது போலச் செருப்பைக் கேட்டிலேயே கழற்றிவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி உள்ளே வந்தார். ஸ்டெல்லா எங்களுக்குப் பின்னால் வந்து, டாக்டரம்மா அறைக் கதவை மூடி, அதில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

டாக்டரம்மா என் வாயில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "ஒனக்கு ஒண்ணும் இல்லியேம்மா?"

"நல்லா பாருங்க டாக்டர்," என்றார் அக்கா பக்கத்திலிருந்து. "செவந்து கீது. கொழந்த ராத்திரியெல்லாம் தூங்கி இருக்காது."

அந்தக் குரலைக் கேட்டு டாக்டரம்மா நிமிர்ந்தார். ஜரிகை சுற்றிய கழுத்தையும் கையிலிருந்த எச்சில் டம்ளரையும் பார்த்தார். முகம் மாறியது. "இவங்கள மொதல்ல ஒக்கார வைங்க" என்றார்.

அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. அடுத்து கதவைப் பார்த்தார். கதவில் ஸ்டெல்லா. ஜன்னலைப் பார்த்தார். தேவிகாபுரம் பஸ் ஞாபகம் எனக்கு வந்தது. இந்த மனுஷி இப்போது எகிறிக் குதித்து ஓடினால், இந்த மூச்சோடு எவ்வளவு தூரம் போவார்?

டாக்டரம்மா விரட்டவில்லை, நிதானமாகச் சொன்னார். "டான்சில் பக்கத்துல சீழ் கோத்துகிட்டு இருக்கும் போல. அதான் வாய் தெறக்க முடியல. மரத்துப் போக மருந்து அடிச்சிட்டு, ஊசியால அந்தச் சீழ எடுத்துட்டா ஒடனே வலி கொறையும். அப்படியே விட்டா மூச்சுக்குழாய அடைக்கும். இது வெளையாட்டு இல்லீங்க. வாயத் தெறங்க, பாக்கலாம்."

அக்கா திறக்கவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அவ்வளவு பெரிய குரல் கொண்ட மனுஷி ஒரு சத்தமும் இல்லாமல் அழுதார். நான் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, எனக்கு ரொம்ப பயமா கீதுக்கா," என்றேன். இந்த முறை துளிக்கூட நடிப்பு இல்லை. "நீங்க இல்லன்னா எங்கள யாரு திட்டுவாங்க?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். இடுப்பிலிருந்து டார்ச்சை எடுத்தார். டாக்டரம்மாவிடம் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். என் கையில் திணித்தார்.

"நீயே அடி."

டாக்டரம்மா நெற்றியில் கட்டியிருந்த விளக்கு இந்த டார்ச்சைப் போலப் பத்து மடங்கு வெளிச்சம் தரும். ஆனாலும் அவர் என்னைப் பக்கத்தில் நிற்கவிட்டார். நான் டார்ச்சை அடித்தேன். ஊரார் தொண்டையை எல்லாம் பார்த்த அக்கா, கண்ணை இறுக மூடிக்கொண்டு, திறக்க முடிந்த அந்த ஒரு விரல் அளவுக்கு வாயைத் திறந்தார்.

"சொல்லுங்கக்கா, ஆ..."

"ஆ" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் ஆ அதுதான்.

நான் அடித்த வெளிச்சம் சுவரெல்லாம் ஆடியது. வாய்க்குள் ஊசி போயிருக்கும் அந்த நிலையிலும் அக்கா ஒரு கண்ணைத் திறந்து என்னை முறைத்தார். ஒழுங்காகப் பிடி என்று அர்த்தம். பிடித்தேன். அவர் என் மற்றொரு மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

எல்லாம் முடிந்து கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அக்கா சந்தேகத்தோடு ஒரு வாய் குடித்தார். தண்ணீர் இறங்கியது. இன்னொரு வாய். அதுவும் இறங்கியது. முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்தது. ஸ்டெல்லா கதவை விட்டு நகர்ந்து வந்து ஓவென்று அழுதாள்.

இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றிப் படுக்கவைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டு, "வெதுவெதுப்பான தண்ணில உப்பு போட்டு தெனமும் கொப்புளிங்க" என்றார். அவ்வளவுதான். அக்கா படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேட்டுகினீங்களாடி ரெண்டு பேரும்? டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க!"

அதற்குள் அந்த வார்டில் பாதிப் பேர் தொண்டையை அவர் பார்த்து முடித்திருந்தார் என்பதும், நர்சுகள் அவர் கண்ணில் படாமல் மறைவாகப் போய் இருமிக்கொண்டிருந்தார்கள் என்பதும் பிற்பாடு தெரிந்தது. மறுநாளே விடுதியில் அண்டா ஏறியது. பக்கத்து வீட்டுக்காரர், "இந்தச் சத்தம் இல்லாம ஒரு மாதிரி இருந்துச்சுங்க" என்று வந்து சொல்லிவிட்டுப் போனார். அவரையும் அக்கா விடவில்லை, ஆ காட்ட வைத்தார்.

நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். என் கோலிகுண்டுகள் அவ்வப்போது வீங்குகின்றன. தேவைப்பட்டால் டாக்டரிடமும் போகிறேன், அந்த டாக்டரம்மா சொன்னபடி உப்புத்தண்ணியும் கொப்புளிக்கிறேன். ஃபோனில் என் குரல் கொஞ்சம் கம்மினாலும் அக்கா உடனே லைனைக் கட் பண்ணிவிட்டு வீடியோ காலில் வருவார். முதலில் ஒரு காது தெரியும், அப்புறம் விடுதியின் கூரை தெரியும், கடைசியில் முகம் தெரியும்.

"ஆ காட்டு," என்பார்.

ஆபீஸாக இருந்தாலும், ஓடும் பஸ்ஸாக இருந்தாலும், நான் வாயைத் திறந்து ஃபோனுக்கு நேரே வைப்பேன். அக்கா அந்தப் பக்கத்திலிருந்து இடுப்பு டார்ச்சை எடுத்து, தன் ஃபோனுக்குள் என் தொண்டையைக் குறிபார்த்து அடிப்பார். "இப்பதான் நல்லா தெரியுது" என்பார்.

அந்த வெளிச்சம் இந்தப் பக்கம் வராது என்று நான் இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை. எனக்கு என்னவோ, கொஞ்சம் வருகிற மாதிரிதான் இருக்கிறது.